ஏழாவது ஸ்லைடில் நிறுத்தினேன்

2006-ஆம் ஆண்டு, மார்ச் மாதம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கல்லூரியில், புள்ளியியல் முதுகலை மாணவி ஒருத்தியின் ஆராய்ச்சியைப் பற்றி, "தரவு நம்பத்தகுந்ததல்ல" என்று மதிப்பெண் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தரவு முழுவதையும் அவள் ஒரு ரெக்சின் பையில் போட்டுக் கொண்டுவந்து என் மேஜைக்கு எதிரிலேயே வைத்திருந்தாள். நான் பையைத் திறந்து பார்க்கவில்லை. செய்தது தவறு. அதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்போது நான் வேறொரு கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். வேலைக்காகத் திருவள்ளூர் வந்து, வீடு கட்டி, அங்கேயே தங்கிவிட்டேன். ஓய்வுக்குப் பிறகு இரண்டு வேலைகள் என்னைத் தேடி வந்தன. ஒன்று, கல்லூரிகளில் மாணவர்கள் தங்கள் ஆராய்ச்சியை விளக்கிப் பேசும் நாளில் நடுவராக உட்காருவது. மற்றது, சிப்காட் தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாடு பற்றி வகுப்பெடுப்பது. முதல் வேலை என்றால் எனக்கு உயிர். முதல் நாளே சட்டையைத் தேய்த்து மாட்டிவிடுவேன். காலையில் திருவள்ளூரில் பஸ் ஏறினால் பெரியபாளையம் தாண்டும்போதே மனம் முன்னால் ஓடிப்போய் அந்த ஹாலில் உட்கார்ந்திருக்கும்.

அந்த நாளின் பரபரப்பு தனி. இரவல் டை கட்டிய பையன்கள் கழுத்தைத் திருப்ப முடியாமல் நிற்பார்கள். பெண்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு மனப்பாடம் செய்வார்கள். துறைக்கே ஒரு புரொஜெக்டர்தான். சூடானால் அணைந்துவிடும் என்று அதற்குப் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் வைத்திருப்பார்கள். கரண்ட் போனால் ஹால் முழுக்க "ஐயோ" என்று ஒரே குரல். மெஷின் லேர்னிங் என்ற சொல் அந்தப் பக்கம் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. பழைய விவரங்களைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் தானே கற்றுக்கொண்டு, அடுத்து வரப்போவதைக் கணித்துச் சொல்லும் என்பது விஷயம். அறுபது வயதுக்கு மேல் எனக்குப் புதிதாக ஒரு விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி இருந்தது.

அந்த வருடம் பரபரப்பு இன்னும் கூடுதல். வெளிமாநிலத்தில் இருந்த ஓர் ஆராய்ச்சி நிறுவனம், நடுவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஒரே ஒரு மாணவருக்கு, மாதாமாதம் உதவித்தொகையோடு ஆராய்ச்சி இடம் தருவதாக எழுதியிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் ஆளாக அவள் வந்தாள். பையை இரண்டு கையாலும் தூக்கி வந்து எங்கள் மேஜைக்கு முன்னால் தொப்பென்று வைத்தாள். துறைத்தலைவர் என் காதருகே குனிந்தார்.

"அப்பா கம்பெனியில ஆபரேட்டர் சார். உதவித்தொகையோட சீட் கிடைச்சாதான் மேல படிக்க விடுவாங்க. இல்லன்னா இதோட சரி."

கேட்டுக்கொண்டேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். தொழிற்சாலைகளில் ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும், இயந்திரத்தை ஓட்டியவர் பதிவேட்டில் எழுதுவார். எத்தனை உருப்படி ஆனது, எத்தனை கழிந்தது. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை யாரும் படிப்பதில்லை. அவள் படித்திருந்தாள். ஒரு லேத் பட்டறையின் இரண்டு வருடப் பதிவேடுகளை வாங்கி, குறிப்புக் கட்டத்தில் இருந்த சொற்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். எந்தச் சொல் எழுதப்பட்ட பிறகு இயந்திரம் பழுதாகி நிற்கிறது என்பதைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்க வேண்டும். முடிவு மரம் என்று அந்த முறைக்குப் பெயர். கேள்வி கேள்வியாகக் கிளை பிரியும். மிக முக்கியமான கேள்வி உச்சியில் நிற்கும்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காலையிலிருந்து கேட்டவை மழை அளவு, தேர்வு மதிப்பெண், பங்குச் சந்தை. இது புதிது. அடுத்த ஸ்லைடு, அடுத்த ஸ்லைடு என்று என் மனம் அவளை முந்திக்கொண்டு போனது.

ஏழாவது ஸ்லைடில் மரம் வந்தது. உச்சியில் 'சத்தம்' இருக்கும், அல்லது 'சூடு' இருக்கும் என்று எதிர்பார்த்தேன். 'பேஜாரு' என்று இருந்தது.

இருபது வருடத்துக்கு மேல் அந்த மாவட்டத்தில் குடியிருந்தும் அந்தச் சொல்லை நான் வாயில் போட்டதில்லை. தொல்லை, நச்சரிப்பு என்று ஏதோ ஒரு பொருள் என்ற அளவில் தெரியும். என் பிள்ளைகள் சின்ன வயதில் தெருவில் கேட்டுவிட்டு வந்து வீட்டில் சொன்னால் அதட்டுவேன். அந்தச் சொல் ஆராய்ச்சியின் உச்சியில் உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா, பேஜாருங்கிறது ஒரு வேரியபிளா?" என்றேன்.

ஹால் சிரித்தது. சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இன்னொன்றும் கேட்டேன். "எத்தனை டிகிரி பேஜாருன்னு அளந்தீங்க?"

சிரிப்பு அடங்கும்வரை அவள் நின்றாள். "அளக்கல சார். அந்த வார்த்தை எழுதியிருந்தா ஒண்ணு, எழுதலன்னா ஜீரோ. அவ்ளோதான்."

"மெசின் நின்னுபோன அப்புறம் பேஜாருன்னு எழுதியிருப்பாங்க. அதை வச்சு மெசின் நிக்கும்னு சொல்றது ஒரு கண்டுபிடிப்பா?"

கேள்வி சரியான கேள்விதான். நடந்து முடிந்ததைச் சொல்லும் விவரம் கணிப்புக்குள் கலந்துவிட்டால் எல்லாமே அற்புதமாகப் பலிக்கும். புள்ளியியல் படித்த எவரும் அதைக் கேட்க வேண்டும். கேட்டவன் பதிலுக்கும் காத்திருக்க வேண்டும்.

"நின்னப்புறம் எழுத மாட்டாங்க சார். நின்னா ரிப்பேர்னுதான் எழுதுவாங்க. பேஜாருன்னா வேற."

"என்ன வேற?"

"அது… மெசின் ஓடிக்கினுதான் இருக்கும் சார்…"

'ஓடிக்கினு' என்றதும் பின்வரிசையில் யாரோ அதே மாதிரி சொல்லிக் காட்டினான். மறுபடி சிரிப்பு. அவள் முகம் சிவந்து பேச்சு நின்றது. நான் அந்தப் பையனை அதட்டியிருக்கலாம். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அகராதியைப் பார்த்துட்டு வாங்கம்மா. நேரம் ஆச்சு. அடுத்தது யாரு?"

"புக்கெல்லாம் எடுத்துனு வந்திருக்கேன் சார்," என்று பையைக் காட்டினாள். "ஒரே ஒரு பக்கம் பாருங்க. போதும்."

"அடுத்தது," என்றேன்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு, "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். முடித்ததும் நன்றி சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் முடிக்கவே இல்லை.

வெளிநாட்டு இணையதளத்திலிருந்து எடுத்த விவரங்களை வைத்து வண்ண வண்ணப் படங்களோடு பேசிய ஒரு பையனுக்கு அந்த இடம் போனது. தொடக்கத்தில் சொன்ன அந்த ஒரு வரியை அவள் தாளில் எழுதினேன். மற்ற இரண்டு நடுவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். சாயங்கால பஸ்ஸில் நன்றாகத் தூங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

அதே வருடம் ஆகஸ்டில், சிப்காட்டில் வண்டி உதிரிபாகங்கள் கடையும் ஒரு தொழிற்சாலையில் மூன்று நாள் வகுப்பு. முதல் நாள் மதியம் சூப்பர்வைசர் பட்டறையைச் சுற்றிக் காட்டினார். நாலாம் நம்பர் லேத்தை ஓட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஷிப்ட் முடியப்போகும் நேரம். பதிவேட்டில் எழுதி சூப்பர்வைசரிடம் நீட்டினார். சூப்பர்வைசர் கையெழுத்துப் போடும்போது எட்டிப் பார்த்தேன். குறிப்புக் கட்டத்தில் 'பேஜாரு' என்று இருந்தது.

எனக்கு உடனே எதுவும் தோன்றவில்லை. தமாஷாகத்தான் கேட்டேன். "மெசின் உங்களைத் தொந்தரவு பண்ணுதா? சத்தம் வருதா?"

"சத்தம் இல்ல சார்."

"சூடாகுதா?"

"அதும் இல்ல. உருப்படியும் அளவு சரியாத்தான் வருது. ஆனா பேஜாரா கீது."

"அப்படின்னா என்ன கோளாறு?"

அவர் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "தெரிஞ்சா தெரிஞ்சத எய்தி இருப்பேனே சார். தெரியாததுக்குத்தான் பேஜாருன்னு எய்தறது."

"தெரியாதது எப்படித் தெரியுது?"

"காலைல ஊட்டுக்காரம்மா காபி டம்ளர வெக்கிற தினுசுலயே இன்னிக்கி இன்னா மூடுன்னு தெரியுதுல்ல? அவங்க ஒண்ணும் சொல்லல, நீங்களும் ஒண்ணும் கேக்கல. அந்த மாதிரிதான்."

சூப்பர்வைசர் சிரித்தார். "இவரு இப்டித்தான் சார். மெசினுக்கு ஜோசியம் பாப்பாரு."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு நான் வகுப்பில் இருக்கும்போது பட்டறைப் பக்கமிருந்து ஒரு கிரீச்சென்ற சத்தம். நாலாம் நம்பர் நின்றுவிட்டது. உள்ளே பேரிங் உடைந்திருந்தது. வகுப்பில் இருந்தவர்கள் ஓடினார்கள். நானும் ஓடினேன். அந்த ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நேத்தே எய்தினேன்," என்று மட்டும் சொன்னார்.

மார்ச் மாதம் பார்த்த அந்த மரத்தின் உச்சி எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த நிமிடத்தில் குற்ற உணர்ச்சி இல்லை, வெறும் உற்சாகம்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். புள்ளியியலில் எச்சம் என்று ஒன்று உண்டு. தெரிந்த காரணங்களையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் விளங்காமல் மிஞ்சுவது. அதை எப்படி அளப்பது என்று வாழ்நாளெல்லாம் பாடம் நடத்தியிருக்கிறேன். சத்தமென்றால் சத்தம் என்று எழுதுகிறார்கள், சூடென்றால் சூடு. பெயர் சொல்ல முடியாமல் மிஞ்சுவதற்கு இவர்கள் ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை மெசின் ஓடும்போது மட்டும்தான் எழுத முடியும். எழுதியதும் சூப்பர்வைசர் கையெழுத்து. பிற்பாடு சேர்க்க வழியே இல்லை.

பழைய பதிவேடுகளைக் கேட்டேன். அலமாரியைத் திறந்து காட்டினார்கள். எல்லாப் பதிவேடுகளுக்கும் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, கிழிந்தவற்றை நூலால் தைத்து, மாதம் எழுதி வரிசையாக அடுக்கியிருந்தது. ஒரு தொழிற்சாலை அலமாரிக்கு அது அதிகப்படியான ஒழுங்கு. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்து பென்சிலால் கோடு போட்டேன். பேஜாரு, அடுத்த நாள் ரிப்பேர். பேஜாரு, இரண்டாம் நாள் ரிப்பேர். பேஜாரு, ஒன்றுமில்லை. பேஜாரு, அன்று சாயங்காலமே ரிப்பேர். பக்கம் புரட்டப் புரட்டக் கோடுகள் கூடிக்கொண்டே போயின. அவள் மரத்தின் உச்சியில் அந்தச் சொல் தானாகவே போய் உட்கார்ந்திருக்கிறது.

நாலாம் நம்பர் ஆபரேட்டர் எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

"இந்த அட்டையெல்லாம் யார் போட்டது?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

"என் பொண்ணு சார். இத்த வச்சி காலேஜ்ல இன்னாவோ பண்ணிச்சி. ஆறு மாசம் ராவும் பகலும் இதே வேல. திருப்பிக் குடுக்கிறப்போ அட்டை போட்டு குடுத்துச்சி." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "யாரோ பெரிய வாத்தியாராம். ஒத்துக்கலயாம். பொய்க் கணக்குன்னு எய்திட்டாராம்."

"இப்ப என்ன பண்றாங்க?"

"பாட்டில் கம்பெனில செக்கிங்ல கீது. கீறல் கீதான்னு பாத்துப் பாத்து அடுக்கணும். அதுக்குத் தம்பி ஒருத்தன் கீறான், அவனும் படிக்கணும் இல்ல சார்."

டீயைக் குடித்தேன். நல்ல டீ என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. முதல் தவறை அவசரத்தில் செய்தேன். இது நிதானமாகச் செய்தது.

இரண்டு வாரம் கழித்துத்தான் தைரியம் வந்தது. அதற்குள் அந்த ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிப் பார்த்தேன். அந்த வருட இடம் நிரம்பிவிட்டது, வேண்டுமானால் அடுத்த வருடம் எல்லோரையும்போல விண்ணப்பித்து நேர்காணலுக்கு வரலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டைப் பக்கம் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க சார், வாங்க," என்று அவர் நாற்காலி எடுத்துப் போட்டார். அவள் உள்ளேயிருந்து வந்து என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். நான் உட்காரவில்லை. அந்தப் பெரிய வாத்தியார் நான்தான் என்று அவரிடம் சொன்னேன்.

அவர் போட்ட நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்தினார். பிறகு, "அன்னிக்கி நான் வாங்கியாந்த டீயத்தான் குடிச்சீங்க," என்றார். "ஒரு வார்த்த சொல்லலயே சார்."

கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தாள். என்ன செய்ய வேண்டுமானாலும் செய்கிறேன், சிபாரிசுக் கடிதம் தருகிறேன் என்றேன்.

"சிபாரிசு வேணாம் சார். நீங்க முழுசா கேக்கணும்," என்றாள். "அன்னிக்கி ஏழாவது ஸ்லைடுல நிறுத்திட்டீங்க. மொத்தம் பதினாலு."

"எப்ப வேணும்னாலும் கேக்கறேன். காலேஜ்ல அதே ஹாலை—"

"காலேஜ் வேணாம். பட்டறைல. எழுதினவங்க கேக்கட்டும். அவங்களுக்கே தெரியாது, இன்னா எழுதி வச்சிருக்காங்கன்னு."

முதலாளி தரப்பில் அனுமதி வாங்க ஒரு மாதம் ஆனது. நவம்பரில் ஒரு நாள், முதல் ஷிப்ட் முடியும் மதியம் இரண்டு மணிக்குக் கேன்டீனில் ஏற்பாடு. கல்லூரி புரொஜெக்டரை நானே மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கொண்டுபோனேன். துறைத்தலைவரையும் கெஞ்சிக் கூட்டிப் போயிருந்தேன். ஜன்னல்களுக்குத் தார்ப்பாய் கட்டினோம். சுண்ணாம்பு அடித்த சுவர்தான் திரை. வெளியே மழை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்த சத்தத்தில் அவள் கத்திப் பேச வேண்டியிருந்தது.

என் வாழ்நாளில் எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. ஷிப்ட் முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஷிப்டுக்கு வந்தவர்கள் உள்ளே போகவில்லை. பெஞ்சில் இடமில்லாமல் மேஜை மேல் ஏறி உட்கார்ந்தார்கள். முதல் ஸ்லைடிலேயே பதிவேட்டின் படம் வந்ததும், "டேய், அது என் கையெய்த்துடா," என்று ஒருவர் எழுந்தார். "அத்த கையெய்த்துன்னு சொல்லாத," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அவள் அன்று ஓடிக்கினு, எழுதிக்கினு என்று தாராளமாகப் பேசினாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்ததெல்லாம் வேறு இடங்களில். ஒவ்வொரு ஆபரேட்டரின் பேஜாரும் எந்த அளவு பலித்தது என்று, பேரைச் சொல்லாமல் எழுத்துகளால் குறித்து ஒரு படம் காட்டினாள். அதில் ஒருவருடைய பேஜாரு எதற்குமே பயன்படவில்லை. வாரத்தில் ஆறு நாளும் அவர் அதையே எழுதியிருந்தார். கூட்டம் மொத்தமும் மூலையில் இருந்த ஒருவரைத் திரும்பிப் பார்த்தது.

"அவனுக்குப் பொயுதன்னிக்கும் பேஜாருதான்," என்றார் ஒருவர்.

"ஊட்ல நெலம அப்டி," என்றார் மூலையில் இருந்தவர் அசையாமல்.

சிரிப்பில் கூரை அதிர்ந்தது.

ஏழாவது ஸ்லைடு. மரம். அவள் என்னைப் பார்த்தாள். விரல் ஒரு கணம் நின்று, அடுத்த பொத்தானை அழுத்தியது.

எட்டாவது ஸ்லைடில் ஒரே ஒரு படம்தான். பதிவேட்டின் ஒரு பக்கம். குறிப்பில் பேஜாரு, எதிரில் சூப்பர்வைசரின் கையெழுத்து, தேதி. அதற்குக் கீழே இரண்டு நாள் கழித்த பக்கம். குறிப்பில் ரிப்பேர், கையெழுத்து, தேதி. மேலே அவள் கொடுத்திருந்த தலைப்பு: 'இது முன்னால் எழுதியதா, பின்னால் எழுதியதா?'

நான் கேட்ட அதே கேள்வி. அவள் அதை எனக்கு முன்பே தனக்குத்தானே கேட்டு, பதிலையும் எழுதி, அடுத்த ஸ்லைடில் வைத்திருந்தாள். கடைசி ஆறு மாதப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டருக்குக் காட்டாமலே ஒதுக்கி வைத்து, கணிப்பு பலிக்கிறதா என்று அவற்றில் சோதித்தும் இருந்தாள். அது ஒன்பதாவதில்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன். மார்ச் மாதம் நான் எழுதிய வரியை அந்தக் கூட்டத்துக்குச் சொன்னேன். பையைத் திறக்காததையும் சிரிக்க வைத்ததையும் சொன்னேன். இன்னும் நிறையச் சொல்ல மனதில் தயார் செய்து வைத்திருந்தேன். மேஜை மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் குறுக்கே பேசினார்.

"செரி சார், உக்காருங்க. பாப்பா முடிக்கட்டும்."

உட்கார்ந்தேன். பாப்பா முடித்தாள். கைதட்டவெல்லாம் அவர்களுக்குத் தோன்றவில்லை. சுவருக்குப் பக்கத்தில் போய், கடைசி ஸ்லைடில் தங்கள் சொற்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அவள் அப்பா கடைசி பெஞ்சில் இருந்தார். எழுந்து வரவில்லை. பனியனில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மேனேஜர் உற்சாகமாகிவிட்டார். பதிவேட்டில் 'பேஜாரு' என்று தனிக் கட்டமே அச்சடித்துவிடுகிறேன், டிக் போட்டால் போதும் என்றார். அவள் வேண்டாம் என்றாள். "கட்டம் போட்டா எல்லாரும் பயந்துகினு டிக் போடுவாங்க சார். அப்புறம் அதுல ஒண்ணும் இருக்காது." அவர் கேட்கவில்லை. அச்சடித்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் அந்தக் கட்டம் முழுக்க டிக்குகளாக நிறைந்து, ஒன்றுக்கும் உதவாமல் போனது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவள் என்னிடம் இன்னொன்றும் கேட்டிருந்தாள். மார்ச் மாத மதிப்பெண் தாளில் நான் எழுதிய வரிக்குக் கீழே இன்னொரு வரி வேண்டும் என்றாள். பழைய வரியை அடிக்கக் கூடாது. துறைத்தலைவர் தயங்கினார். கோப்பில் போனதைத் தொடக் கூடாது என்றார். மூன்று முறை போய் உட்கார்ந்தேன். கடைசியில் கோப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். 'தரவு நம்பத்தகுந்ததல்ல' என்ற வரிக்குக் கீழே, 'நடுவர் தரவைப் பார்க்கவில்லை' என்று எழுதி, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அவள் அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த கோடையில் விண்ணப்பத்தோடு அந்தத் தாளையும் இணைத்து அனுப்பினாள். நேர்காணலில் அதைப் பற்றித்தான் முதலில் கேட்டார்களாம். பதினாலு ஸ்லைடையும் பேச விட்டார்களாம். இடம் கிடைத்தது. வண்டி ஏறும் நாளில் சென்ட்ரலுக்குப் போயிருந்தேன். அவள் அப்பா என்னிடம் ஒரு டீ டம்ளரை நீட்டி, "இப்பவாவது எதனா சொல்லிக்கினே குடிங்க சார்," என்றார். அவள் ஜன்னல் வழியாகச் சிரித்தாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. பாட்டில்களில் கீறல் பார்த்துக்கொண்டு அவள் கழித்த ஒரு வருடத்தை எந்தக் கையெழுத்தாலும் நான் திருப்பித் தர முடியாது.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் நடுவராக உட்கார்ந்தேன். பையோடு யாராவது வந்தால் முதலில் பையைத்தான் திறக்கச் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏழாவது ஸ்லைடு வரும்போது உள்ளே ஏதோ ஒன்று தட்டும். வலி இல்லை, சூடு இல்லை, சத்தமும் இல்லை, என்னவென்று தெரிந்தால் தெரிந்ததை எழுதியிருப்பேன், தெரியாததால் அன்று அகராதியைப் பார்க்கச் சொன்ன அந்தச் சொல்லைத்தான் என் டைரியில் எழுதி வைப்பேன்.